அச்சுக்குப் போய்த் திரும்பிய பக்கங்கள்

சித்திரக்கதைப் புத்தகம் சேர்ப்பவர்களுக்கு எங்கள் திருமலையில், அதாவது திருகோணமலையில், குறைவில்லை. முத்து காமிக்ஸ், லயன், ராணி காமிக்ஸ் என்று இலக்கம் தவறாமல் அடுக்கி வைத்திருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் புத்தகம் அச்சேறுவதற்கு முன் ஓவியர் தன் கையால் மை தொட்டு வரைந்த பக்கம் இருக்கிறதே, அதைத் தேடிச் சேர்ப்பவர்கள் இங்கே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். நாங்கள் அதை ஒரிஜினல் என்றே சொல்வோம். பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் ஓர்ஸ் ஹில்லில் ஒரு நண்பர் வீட்டு விறாந்தையில் கூடுவோம். ஆளுக்கு ஒரு பக்கம் கொண்டுவர வேண்டும். விலை கூடியதாக இருக்க வேண்டியதில்லை, மனதுக்கு மிகப் பிடித்ததாக இருக்க வேண்டும், ஏன் பிடித்தது என்றும் சொல்ல வேண்டும். அங்கே பார்த்ததையும் கற்றதையும்தான் எழுதுகிறேன். புதிதாகச் சேர்க்க நினைப்பவர்களுக்கு, முக்கியமாகக் கடலோர ஊர்க்காரருக்கு, இது பயன்படும்.

ஒரிஜினல் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அச்சில் பார்ப்பதைவிடப் பெரிதாக இருக்கும். அமெரிக்க காமிக்ஸ் பக்கங்கள் இப்போது 11 அங்குல அகலமும் 17 அங்குல உயரமும் உள்ள தடித்த பிரிஸ்டல் மட்டையில் வரையப்படுகின்றன. 1967 வாக்கில் இந்த அளவுக்கு மாறும்வரை அதைவிடப் பெரிய மட்டைதான். பெரிதாக வரைந்து சிறிதாக்கி அச்சடித்தால் கோட்டின் சின்னச் சின்ன நடுக்கமெல்லாம் மறைந்துவிடும். ஒரிஜினலில் எதுவும் மறையாது. அழித்த பென்சில் கோடு, வெள்ளை பூசித் திரும்ப வரைந்த மூக்கு, தனியே எழுதி வெட்டி ஒட்டிய வசனம், ஓரத்தில் ஆசிரியர் கிறுக்கிய அளவு எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும்.

பலர் பார்த்தவுடன் கேட்பது, இந்த நீலக் கோடுகள் என்ன என்று. பழைய முறையில் வரைந்த பக்கத்தைக் கமராவால் பிடித்து, அந்த ஃபிலிமிலிருந்து நாகத் தகட்டில் படத்தை இறக்கி, அமிலத்தில் அரித்து அச்சுக்கான புளொக் செய்வார்கள். அதற்குப் பயன்பட்ட ஃபிலிமுக்கு வெளிர் நீலமும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான். சிவப்புக் கோடு கறுப்பாக விழும், நீலம் விழாது. அதனால் ஓவியர் நீலப் பென்சிலால் அளவு பிரிப்பார், உருவத்தைத் தேடித் தேடிப் போடுவார், தனக்கே குறிப்பும் எழுதிக்கொள்வார். வாசகர் கண்ணில் படாது என்று நம்பி அவர் விட்டுவைத்தவை அவை. எனக்கு அதனால்தான் அவற்றின் மேல் அவ்வளவு ஆசை.

அச்சானதும் படத்தின் வேலை முடிந்தது என்ற எண்ணம் உலகம் முழுக்க இருந்திருக்கிறது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பக்கங்களை ஓவியர்களுக்கே திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது எழுபதுகளில்தான். அதற்கு முந்திய பக்கங்களுக்காக ஜாக் கெர்பி நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. மார்வெலுக்காகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் வரைந்தவர் அவர். 1987இல் அவர் கைக்குத் திரும்பி வந்தவை ஏறக்குறைய 2,000 மட்டுமே. அதே மார்வெலுக்காக மைக் செக் வரைந்த ஒரு பக்கம், ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை கிடைக்கும் கதையில் உள்ளது, 2022 ஜனவரியில் 33 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. அதற்கு முந்திய ஆண்டு, டின்டினின் ‘நீலத் தாமரை’ கதைக்கு ஹெர்ஜே 1936இல் வரைந்த அட்டைப்படம் பாரிசில் 31 இலட்சம் யூரோவுக்கு மேல் விற்றது. வர்ணம் அதிகம், அச்சிட்டால் செலவு கூடும் என்று அந்தக் காலத்தில் ஒதுக்கப்பட்ட படம் அது. மடித்து வைத்த தடம் இன்றும் அதில் தெரியும்.

இந்தத் தொகைகளைச் சொல்வது ஆசை காட்ட அல்ல. இவற்றைக் கேட்டுவிட்டு, இது பணக்காரர் விளையாட்டு என்று பலர் விலகிப் போகிறார்கள். எங்கள் விறாந்தைக்கு வரும் பக்கங்களில் பெரும்பாலானவை ஒரு சாதாரணக் கைத்தொலைபேசியின் விலைக்கும் குறைவாக வந்தவை. சில சும்மா கிடைத்தவை. எனக்கு மிகவும் பிடித்த சேகரிப்புக் கதையே விற்பனை இல்லாத கதைதான். ஸ்பைடர்மேன் முதன்முதல் தோன்றிய 1962ஆம் ஆண்டு இதழுக்கு ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 ஒரிஜினல் பக்கங்களையும் 2008இல் யாரோ ஒருவர், பெயரே சொல்லாமல், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். இன்று யாரும் அங்கே போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

நம் பக்கத்துக்கு வருவோம். நாங்கள் சின்ன வயதில் வாசித்த சிவகாசிப் புத்தகங்களில் கதைகள் பெரும்பாலும் வெளிநாட்டவை. 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கிவைத்த இரும்புக்கை மாயாவி, இங்கிலாந்தின் வேலியன்ட் இதழில் 1962இல் வந்தவர். அவரை வரைந்தவர் ஜெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். அந்தப் பக்கங்களைத் தேடினால் ஐரோப்பாவில்தான் தேட வேண்டும். ஆனால் அட்டைப்படங்கள் பல சிவகாசியிலேயே வரையப்பட்டவை. தமிழ்க் காமிக்ஸ் ஒரிஜினல் வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அட்டைப்படத்தைத் தேடுங்கள்.

இலங்கையில் சிங்களச் சித்திரக்கதைக்கு ஜீ.எஸ். பெர்னாண்டோ லங்காதீப பத்திரிகையில் 1951இல் வரைந்த ‘நீலா’ ஒரு பெரிய தொடக்கம். எழுபதுகளில் சித்திரக்கதைகளுக்கென்றே வாரப் பத்திரிகைகள் வந்தன. தமிழில் ‘சிரித்திரன்’ இதழ் நடத்திய சுந்தரின் கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித் தம்பர் இல்லாத வீடு அந்தக் காலத்தில் குறைவு. அப்புறம் வார இதழ்களின் சிறுவர் பக்கங்களில் தொடர் வரைந்த எத்தனையோ பேர். அவர்களில் பலர் பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள். அவர்கள் வரைந்த மட்டைகள்தான் நம் கைக்கு எட்டக்கூடியவை, அவைதான் சத்தமில்லாமல் அழிந்துகொண்டிருப்பவையும்.

என்னுடைய பக்கம் அப்படிப்பட்ட ஒருவருடையது. திருமலையில் சித்திரம் படிப்பித்தவர், அறுபதுகளில் கொழும்பு வார இதழ் ஒன்றுக்குத் தொடர் வரைந்தவர். அவர் மனைவி உயிரோடு இருந்த காலத்தில் டச்சுக் குடாப் பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். “தம்பி, அது அச்சடிச்சு முடிஞ்ச படமெல்லோ, அதை வச்சு என்ன செய்யப் போறீங்கள்?” என்றார் அந்த அம்மா. கோபமோ ஏளனமோ இல்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். பிறகு எழும்பிப் போய் அலுமாரி லாச்சியை இழுத்தார். லாச்சியின் அடியில் சீலைகளுக்குக் கீழே விரித்திருந்தது அந்தத் தொடரின் மட்டைகள். முகம் கீழே பார்க்கக் கிடந்ததால் வெளிச்சம் படவில்லை. சீலைக்காகப் போட்ட வேப்பிலை பூச்சியையும் அண்டவிடவில்லை.

அதில் ஒன்றைத்தான் எனக்குத் தந்தார். மூன்று கட்டம். முதல் கட்டத்தில் இரண்டு பொடியன்கள் தோணியில், கோணேசர் கோயிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்குக் கீழே போகிறார்கள். அந்தப் பாறையை மேலே கோயில் வாசலிலிருந்து பார்த்தவர்கள் ஆயிரம் பேர் வரைந்திருப்பார்கள். இவர் கடலிலிருந்து வரைந்திருக்கிறார், தோணியில் போனவருக்கு மட்டும் தெரியும் கோணம் அது. பாறையின் இருட்டு முழுவதும் தூரிகையால் பூசியது. சரித்துப் பிடித்தால் தூரிகை போன திசை தெரியும், மேலிருந்து கீழே, கை எடுக்காமல். அடியில் அலை மோதும் இடத்தில் வெள்ளை மை இல்லை. கறுப்புக் காய்ந்த பிறகு பிளேட் முனையால் தாளைச் சுரண்டியே நுரையை எடுத்திருக்கிறார். விரல் நுனி மெல்லப் பட்டால் அந்தச் சொரசொரப்புத் தெரியும். இரண்டாவது கட்டத்தில் சின்னப் பொடியனின் முகத்தின் மேல் வேறொரு தாள்துண்டு ஒட்டி, முகத்தைப் புதிதாக வரைந்திருக்கிறார். வெளிச்சத்துக்குப் பிடித்தால் கீழேயுள்ள பழைய முகம் தெரிகிறது. பழையதில் பயம், புதியதில் சிரிப்பு. மூன்றாவது கட்டத்தின் ஓரத்தில் நீலப் பென்சிலில் ‘தண்டு வலிக்கும் கை சரியா?’ என்று அவர் கையெழுத்து. அச்சுப் பிரதியில் இவை எதுவும் இல்லை. நுரை வெறும் வெள்ளைப் புள்ளியாக வந்திருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் எனக்கு அடுத்தபடி நெஞ்சைத் தொட்டது கிண்ணியா நண்பருடையது. அவர் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறார். அவருடைய மாமா பள்ளிக்கூட நாளில் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகையின் ஒரு தாள் அது. கையெழுத்துச் சஞ்சிகை என்றால் ஒரே ஒரு பிரதிதான், கைமாறிக் கைமாறி வாசிப்பார்கள். அப்படியென்றால் அதில் வந்த சித்திரக்கதை ஒவ்வொன்றும் ஒரிஜினல்தானே? அவர் சொல்லும்வரை எனக்கு இது தோன்றவேயில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி அலை கிண்ணியாவை எப்படி அடித்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குள் ஏறிய தண்ணீரில் அந்தச் சஞ்சிகையும் நனைந்தது. பவுண்டன் பேனாவால் எழுதிய வசனங்கள் எல்லாம் நீலப் புகையாகக் கரைந்துவிட்டன. இந்தியன் இங்க்கால் போட்ட உருவக் கோடுகள் மட்டும் ஒரு மயிரிழையும் அசையவில்லை. இப்போது அந்தப் பக்கத்தில் ஆட்கள் வாய் திறந்து நிற்கிறார்கள், பேச்சு இல்லை. அதைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று கொழும்பில் ஒருவர் கேட்டபோது இவர் கொடுக்கவில்லை. நானும் கொடுத்திருக்க மாட்டேன்.

அந்தத் தாள் ஒரு பாடமும் சொல்கிறது. எந்த மையால் வரைந்தது என்று பார்த்து வாங்குங்கள். இந்தியன் இங்க் கரி சேர்ந்த மை, தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் நின்று பிடிக்கும். மார்க்கர் பேனாக்களில் பல சாயம் மட்டுமே, வெயில் படும் சுவரில் மாட்டினால் கறுப்பு மண்ணிறமாகி, அப்புறம் ஊதாவாகி, மெல்லக் காணாமல் போகும். இன்று விழாக்களில் ஓவியர்கள் வரைந்து தரும் ஸ்கெட்ச் பல மார்க்கரில்தான் இருக்கும். அவற்றைச் சுவருக்குக் கொண்டுபோகாதீர்கள். நல்ல ஸ்கேன் எடுத்து அதைப் பிரேம் போட்டுவிட்டு, ஒரிஜினலை இருட்டில் வையுங்கள்.

தம்பலகாமத்து நண்பர் கொண்டுவருவது டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய்க் கதையின் பக்கம். 1948இல் இத்தாலியில் பொனெல்லியும் கல்லெப்பினியும் உருவாக்கிய டெக்ஸ், தமிழில் லயன் வழியாக வந்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறார். நண்பரின் அண்ணன் பலெர்மோவில் வேலை செய்கிறார். லுக்கா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் காமிக்ஸ் விழாவுக்குப் போய், வரைந்தவரிடமே நேரில் வாங்கி அனுப்பினார். இரவு, நெருப்பைச் சுற்றி ஆட்கள். பெரிய சண்டைக் காட்சி ஒன்றும் இல்லை. அண்ணனிடம் அதே விலைக்கு ஒரு துப்பாக்கிச் சண்டைப் பக்கமும் இருந்ததாம், தம்பிதான் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்து இதைத் தெரிந்தெடுத்தார். “டெக்ஸ் சும்மா இருக்கிற பக்கம் எனக்கு வேணும்” என்பது அவர் சொன்ன காரணம். ஓவியரிடமே வாங்குவதில் இரண்டு நன்மை. பணம் வரைந்த கைக்குப் போகிறது. போலி என்ற பேச்சுக்கே இடமில்லை. தெரிந்த ஓவியர்கள் தவணைக்கும் சம்மதிப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

உப்புவெளித் தங்கச்சி ஒருவர் ரொறொன்ரோவிலுள்ள மச்சாள் மூலம் எடுத்த அமெரிக்கப் பக்கத்தில் வசனமே இல்லை. தொண்ணூறுகளுக்குப் பிறகு வசனத்தைக் கணினியில் சேர்ப்பதால் புதிய பக்கங்கள் பலவும் இப்படித்தான், குறை என்று நினைக்க வேண்டாம். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது பென்சில் வரைபவர் ஓரிடம், மை போடுபவர் இன்னோரிடம். பென்சில் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்ப, மற்றவர் அதை நீலத்தில் பிரின்ட் எடுத்து அதன் மேல் மை போடுவார். அப்போது ஒரே பக்கத்துக்கு இரண்டு ஒரிஜினல் இருக்கும், ஒன்று பென்சில், ஒன்று மை. எதை விற்கிறார் என்று விற்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டும் நல்லவைதான், விலைதான் வேறு.

உண்மையா, பிரதியா என்று பார்ப்பது கடினமில்லை. நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்குக் கண்ணாடி ஒன்று போதும். அச்சுப் பிரதி என்றால் சாம்பல் நிறமெல்லாம் புள்ளி புள்ளியாக உடையும். இங்க்ஜெட் என்றால் கறுப்புக்குள்ளேயே பல நிறத் துளிகள் தெரியும். போட்டோக் கொப்பி என்றால் கறுப்பு தாளுக்குள் ஊறாமல் மேலே பொடியாக, எங்கும் ஒரே பளபளப்பாக இருக்கும். கையால் பூசிய கறுப்பு எங்கும் ஒரே மாதிரி இருக்காது, தூரிகை இரண்டு முறை போன இடம் கூடுதல் கருமையாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: நிழலுக்காக ஓவியர்களே புள்ளி அச்சிட்ட ஒட்டும் ஃபிலிமை வெட்டி ஒட்டுவது வழக்கம். புள்ளியைக் கண்டவுடன் பிரதி என்று தள்ளிவிடாதீர்கள். அந்த ஃபிலிமின் வெட்டு விளிம்பு விளக்கைச் சரித்துப் பிடித்தால் தெரியும். அப்புறம், பின்பக்கத்தைப் பார்க்காமல் ஒருபோதும் பணம் கொடுக்க வேண்டாம். முத்திரை, இலக்கம், பழைய பசைத் தடம், திகதி எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். உள்ளூர்ப் பத்திரிகைப் படம் என்றால் இணையத்திலுள்ள ‘நூலகம்’ என்ற எண்ணிமச் சேகரிப்பில் அந்த இதழைத் தேடி ஒப்பிடலாம். அச்சில் இருப்பதைவிட ஒரிஜினலில் ஏதாவது கூடுதலாகத் தெரிய வேண்டும். அச்சுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி எங்கள் ஊருக்கே உரிய தலையிடி. வைகாசி முதல் கச்சான் காற்று தாளை வறட்டி மொறுமொறுப்பாக்கும். ஐப்பசியில் மாரி தொடங்கினால் தை வரைக்கும் சுவரே வியர்க்கும். இதற்கு நடுவே உப்புக்காற்று. தாளுக்குச் சூடும் ஆகாது, ஆனால் இந்த ஏற்ற இறக்கமும் பெரிய பகை. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் தாள் சுகமாக இருக்கும். 65ஐத் தாண்டி நாட்கணக்காக நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள், பெரிய விலை இல்லை. சிலிக்கா ஜெல் பைகளும் போடுங்கள், ஆனால் போட்டுவிட்டு மறக்கக் கூடாது. நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது ஈரம் குடித்து முடித்தது என்று தெரியும், மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம்.

பிளாஸ்டிக் உறை விஷயத்தில் கிண்ணியா நண்பர் மிகக் கண்டிப்பு. கடைகளில் கிடைக்கும் மினுமினுப்பான பீவீசீ உறைகள் நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும். பொலியெஸ்டர் உறைதான் நல்லது. அதிலும் நாலு பக்கமும் மூடாமல் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மாரிக்கால ஈரம் உள்ளே அகப்பட்டு நிற்கும். பின்னால் அமிலமில்லாத தாள் ஒன்று. லமினேட் செய்வது படத்தைக் கொல்வதற்குச் சமம், அதைத் திருப்பி எடுக்கவே முடியாது. செலோடேப்பும் வேண்டாம். பழைய பக்கத்தில் ஒட்டியிருந்த வசனத்துண்டு கழன்று விழுந்தால் பதறாமல், அதைச் சின்னத் தாள் உறையில் போட்டுப் பக்கத்தோடு சேர்த்து வைத்தால் போதும். அந்தக் காலத்து ரப்பர் பசை மஞ்சளாகிக் காய்ந்து கழல்வது இயல்பு.

வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரி வேண்டாம், நிலத்திலும் வேண்டாம். இராமபாணப் பூச்சிக்கும் கறையானுக்கும் நிலத்தோடு இருப்பது அழைப்பு வைத்த மாதிரி. பூச்சி உருண்டை தாளில் படக்கூடாது. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து காற்றோட்டம் கொடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்ப்பதைப் போல ஒரு பாதுகாப்பு வேறில்லை. எங்கள் போயாக் கூட்டங்களால் வந்த பெரிய நன்மைகளில் அதுவும் ஒன்று.

எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் கூரை ஒழுகத்தான் செய்யும். நனைந்த பக்கத்தைத் தேய்க்காதீர்கள், வெயிலில் போடாதீர்கள், ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரித்து இழுக்காதீர்கள். தனிப் பக்கம் என்றால் மை ஒற்றும் தாளின் மேல் படுக்கப் போட்டு, மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் அறைக்குள் சுற்றும்படி விடுங்கள். இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் வந்துவிடும். நிறைய நனைந்துவிட்டது, உடனே எல்லாவற்றையும் கவனிக்க முடியாது என்றால், பொலித்தீன் பையில் போட்டு உறைகுளிரில் வைத்துவிடலாம். அழிவு அப்படியே நிற்கும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காயவிடலாம். பெரிய நூலகங்களிலும் நூதனசாலைகளிலும் செய்வது இதைத்தான்.

தபாலில் எடுப்பவர்களுக்குச் சுருக்கமாக: சுருட்டாமல் தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தைவிடப் பெரிய நெளிமட்டை இரண்டு, ஒன்றின் நெளி நீளவாக்கில், மற்றதன் நெளி குறுக்குவாக்கில் இருக்கட்டும். அப்போது எந்தப் பக்கமும் மடியாது. மழைக்கு ஒரு பொலித்தீன் உறை.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கம் உங்களுடையது என்பதால் படத்தின் உரிமை உங்களுடையதாகாது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு. சட்டையில் அச்சடிக்கவோ புத்தகம் போடவோ விரும்பினால் உரிமையாளரிடமோ குடும்பத்திடமோ எழுத்தில் கேட்க வேண்டும்.

குடும்பங்களிடம் போவதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்த நாட்டில் சேர்ப்பவரின் முக்கிய வேலை வாங்குவதைவிடக் கேட்பதுதான். வார இதழ்களில் தொடர் வரைந்தவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் லண்டனிலோ கனடாவிலோ. வீடு விற்கும்போது முதலில் குப்பைக்குப் போவது கடுதாசிதான். 1983, 1990 கலவர, யுத்த இடப்பெயர்வுகளில் போனது போக, சுனாமி அலையில் போனது போக, மிஞ்சியது கொஞ்சம். அதுவும் இன்னும் ஒரு வீட்டுத் துப்புரவுக்குத் தாங்காது.

போகும்போது அச்சான பழைய இதழையும் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் கணவர், உங்கள் ஐயா வரைந்த கதையை நான் வாசித்தேன் என்று இதழைத் திறந்து காட்டினால் பேச்சு தானாக வரும். முதல் நாளே படத்தைக் கேட்காதீர்கள், அவரைப் பற்றிக் கேளுங்கள். எந்த மேசையில் வரைந்தார், எந்தப் பேனா, கொழும்புக்கு எப்படி அனுப்பினார். இரவுத் தபால் ரயிலைப் பிடிக்க மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஓடுவார் என்று அந்த அம்மா சொன்னது, என் பக்கத்தின் மேல்மூலையில் இருக்கும் வளைவுக்கு எனக்குக் கிடைத்த விளக்கம். இப்படியான விவரத்தைத் திகதியோடு ஒரு தனித்தாளில் எழுதிப் பக்கத்தோடு வையுங்கள். பக்கத்தின் பின்புறத்தில் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சில் மட்டும், ஓரத்தில் மட்டும்.

விலை பேச வேண்டி வந்தால் உண்மையைச் சொல்லுங்கள். இதற்கு வெளியே விலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு குப்பை விலைக்கு எடுப்பது களவு. குடும்பம் கொடுக்க விரும்பாவிட்டால் அதைவிட நல்லது, அங்கேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் முன்பக்கமும் பின்பக்கமும் 600 டீபீஐ தெளிவில் ஸ்கேன் எடுத்து, ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு அவர்களுக்குக் கொடுங்கள். எப்படி வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுங்கள். அந்த அம்மாவின் லாச்சியில் மிச்சம் இருந்தவை இப்போது பொலியெஸ்டர் உறையில், கனடாவிலிருக்கும் மகளின் வீட்டில் இருக்கின்றன. போன வருடம் மகள் ஒவ்வொன்றையும் வீடியோ அழைப்பில் எங்கள் கூட்டத்துக்குக் காட்டினார். தன் தகப்பன் கோடு போட்ட விதத்தைப் பற்றி அன்று அவரிடம் கேட்க எங்களுக்கு நிறையக் கேள்விகள் இருந்தன, அவருக்கும் எங்களிடம் கேட்க இருந்தன. தொடரில் இன்னும் சில வாரங்களின் பக்கங்கள் கிடைக்கவில்லை. மூதூரிலோ மட்டக்களப்பிலோ யாராவது வீட்டில் தோணியும் இரண்டு பொடியன்களும் உள்ள மட்டை இருந்தால், தயவுசெய்து எறியாமல் முதலில் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள்.